நாலாவது கைக்கு அரிசி

நைனாரே,

இன்று காலை என் மனைவியின் உள்பாவாடையைத் திருடிவிட்டேன். எடுத்து வைத்தேன், மடித்து வைத்தேன் என்றெல்லாம் பூசி மெழுக விரும்பவில்லை. திருட்டுத்தான். கொல்லையில் காய்ந்துகொண்டிருந்ததை உருவிச் சுருட்டி, சட்டைக்குள் திணித்துக்கொண்டு, இருக்கிற தொப்பைக்கு மேல் இன்னொரு தொப்பையோடு கடைக்கு நடந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் கிணற்றடியில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டார். நாற்பத்தெட்டு வயதில், செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு இனி என்ன பெயர் கிடைக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் ஒரு பேச்சு எப்படிக் கிளம்பும், எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பாவாடை வழியாக வெயில் வந்தது. அதுதான் காரணம். சிவப்புத் துணி, அதில் மங்கிப்போன ஒரு வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் சாய்ந்து நின்ற கறுப்புக் கைகள் நாலு. ஐந்து வருடச் சவுக்காரத்துக்கும் போகாத பெயிண்ட். கிட்டே போனதும் டர்பன்டைன் நெடி அடித்தது. அடித்திருக்க நியாயமில்லை, ஆனால் எனக்கு அடித்தது. உன் மகள் நிச்சயத்தன்று கோயில் வாசலில் நான் கட்டவைத்த துணி அது. அன்று அவிழ்த்துப் போட்டதை இவள் பத்திரமாக வாரிக்கொண்டு வந்து தைத்திருக்கிறாள். ஐந்து வருடமாக மனைவி என்ன உடுத்துகிறாள் என்று தெரியாத புருஷன் என்பது இன்னொரு வெட்கம். அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

போன மாசியில் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடினாய். அதற்கு முந்தைய வாரம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

நீ ஓட்டிய பஸ் செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் போய் வருவது. காலை ஏழு மணிக்கு என் கடைக்கு எதிரே வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை தோறும் கண்டக்டர் சந்தனத்தைக் குழைத்து, முன்கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுவஸ்திக் போட்டு, நடுவில் குங்குமம் வைப்பான். அவன் டீ குடிக்கப் போனதும் நீ எழுந்து மேல்துண்டால் அதைத் துடைத்துவிடுவாய். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. என் கல்லாப்பெட்டியின் மேலும் அதே அடையாளம் உண்டு. பிள்ளையாருக்குப் பக்கத்தில் போடுகிற சுபக் குறி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உங்கள் ஜைனக் கோயிலில் அதற்கு மேலே மூன்று புள்ளியும் ஒரு பிறையும் சேர்ந்திருக்கும். எங்களுடையதற்கே நீங்கள் கூடுதலாக நகை போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

"இன்னாத்துக்குய்யா தொடைக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரோடு மறைக்குது."

"அத்தினியூண்டு சந்தனமா?"

"நீ வந்து ஒக்காந்து ஓட்டு. தெரியும்."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி அனுப்புகிறவனுக்கு உண்மை எப்போதுமே கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். நேரே டீக்கடைக்குப் போனேன். "நம்ப நைனார் பட்டாளத்துல ஜெர்மன்காரங்கிட்ட மாட்டிக்கினு மூணு வருஷம் இருந்தாரு இல்ல? அங்க ஆட்டுக்கறியப் போட்டு, ஆளையும் மாத்தி அனுப்பிட்டாங்க போலருக்குது. சாமி குறியப் பாத்தாலே கை தானா தொடைக்குது" என்றேன்.

ஏழு பேர் சிரித்தார்கள். நான் அனுப்பிய எந்தத் துணுக்குக்கும் ஏழு பேர் சிரித்ததாகத் தகவல் இல்லை. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் உன் பஸ்ஸில்தான் ஏறினார்கள். என் புரளியை உன்னைக்கொண்டே அவலூர்பேட்டைக்கு ஓட்டவைத்தேன், நைனாரே.

சீனாக்காரன் சண்டை ஓய்ந்த அடுத்த சித்திரையில் உன் மகளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரன் திகைந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் "பட்டாளத்துல இன்னா தின்னாரோ" என்று முணுமுணுத்துவிட்டு நழுவியிருந்தன. இந்த இடம் மூன்றாவது. உன் மகள் யாரிடமும் எதையும் கேட்காத பெண். அவளே அம்மாவிடம் "இவருன்னா சரி" என்று சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில்தான் பையனின் அப்பாவிடமிருந்து சேதி வந்தது. நிச்சயத்துக்கு வருகிறோம், முதலில் உங்கள் கோயிலில், எல்லாரும் பார்க்க, பெண்ணின் தகப்பனார் தம் கையால் அரிசியில் சுவஸ்திக் பரப்பட்டும், அதற்குப் பிறகு தட்டு மாற்றுவோம்.

மத்தியானம் பஜாரே தூங்குகிற வேளையில் நீ கடைக்குள் வந்து, அண்டாக்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

"எவனோ நான் பஸ்ஸுல தொடைக்கறதப் பாத்துட்டுப் போயி சொல்லியிருக்கான்யா."

நான் ஒரு டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"யாருன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்? பஸ்ஸ ஏத்திடுவேனா?"

சிரித்தேன். சிரிப்பு அண்டாவுக்குள் விழுந்து வேறு யாருடைய குரலிலோ திரும்பி வந்தது. "அத விடுய்யா. ஒரு பிடி அரிசி. பரப்பிட்டு எழுந்து வா. இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்க?" என்றேன்.

"அதான் முடியல" என்றாய்.

பிறகு சொன்னாய். அந்தக் குளிர் நாட்டுக் கைதி முகாமில், வெளியிலிருந்து வந்த பொட்டலத்தில் ஒரு பிடி அரிசி இருந்தது. அன்று மகாவீரர் பிறந்த நாளாக இருக்கும் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். பொங்குவதற்கு முன்னால் அந்த அரிசியைப் படுக்கைப் பலகையின் மேல் நாலு கையாகப் பரப்பி, மேலே மூன்று குவியலும் பிறையும் வைத்துக் கண்ணை மூடினாய். திறந்தபோது காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். பூட்ஸ் காலால் மிதிக்கப்போகிறான் என்று நினைத்தாய். அவனோ சிரித்தான். ஜன்னல் வழியே கம்பத்தில் பறந்த தன் கொடியைக் காட்டினான். உன் அரிசியைக் காட்டினான். தோளில் தட்டினான். மறுநாள் உனக்கு மட்டும் ஒரு முழு ரொட்டி வந்தது.

"நம்புளுத அவன் அவனுதுன்னு நெனச்சிக்கினான். அது பரவால்ல. எங்காளுங்களும் அப்படியே நெனச்சிட்டாங்க" என்றாய்.

அதுவரை உன்னோடு ஒரே கம்பளியில் படுத்தவர் ஒரு ஆற்காட்டுச் சமையல்காரர். ரொட்டியில் பாதியை அவருக்கு எடுத்துப் போனாய். "அவன் ஆளாடா நீ?" என்று கேட்டுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு உன் பக்கம் திரும்பவே இல்லை. எட்டு நாள் கழித்து மார்ச்சளியில் போய்விட்டார்.

"அந்த மீதிப் பாதி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தின்னுட்டேன்யா. பசி." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "அரிசியக் கையில எடுத்தா அவரு முதுகுதான் தெரியுது" என்றாய்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். புரளி என்னுடையது, உன் சம்பந்தி வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறேன் என்று. டம்ளர் பளபளவென்று ஆகிவிட்டது. அடுத்த டம்ளரை எடுத்தேன். "அலங்காரமெல்லாம் என் பொறுப்பு, நீ கவலப்படாத" என்றேன்.

என் மூளை எப்படி வேலை செய்யும் என்று உனக்குத் தெரியும். கோயில் வாசலிலேயே ஆறு முழத்தில் ஒரு சுவஸ்திக்கைக் கட்டிவிட்டால், பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்கு மனசு நிறைந்துவிடும். உள்ளே ஒரு பிடி அரிசியை அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்? நீ பின்வாசல் வழியாக வருவாய், உன் கண்ணில் அது படாது என்று வேறு சேர்த்துக்கொண்டேன். போர்டு எழுதுகிற கன்னியப்பனைக் கூப்பிட்டு, "மங்களமா இருக்கணும். தூரத்துலருந்தே கண்ணுல அடிக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஜெர்மன் கொடி எப்படி இருக்கும் என்று உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தெரியாது. குண்டானுக்கும் தவலைக்கும் நடுவில் வாழ்கிறவன் அதை எங்கே பார்த்திருக்கப்போகிறேன்?

நிச்சயத்தன்று ஒன்பது மணிக்கே ராஜகிரிக் கோட்டைப் பாறைகள் அனல் கக்கின. கன்னியப்பன் வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் குறுக்கே துணியை இழுத்துக் கட்டிவிட்டு, இறங்கி நின்று அழகு பார்த்தான்.

"ஏண்டா சாய்ச்சுப் போட்டிருக்க?"

"அதான் செட்டியாரே ஸ்டைலு. டூரிங் கொட்டகைக்கு இங்கிலீசு சண்டப் படம் வந்துச்சு இல்ல? தட்டி நான்தான் எழுதினேன். அதுல அப்படியே இப்படித்தான் இருந்துச்சு. செவப்பு, வெள்ள, கருப்பு. எப்படி ஜொலிக்குது பாரு!"

ஜொலிக்கத்தான் செய்தது.

நீ பின்வாசலுக்குப் போகவில்லை. தெருவழியே நேராக வந்தாய். கையில் பித்தளைத் தட்டு, தட்டில் அரிசி, பின்னால் உன் மகள். துணியைப் பார்த்து நின்றாய். கோபமில்லை, பயமில்லை, முகத்தில் எதுவுமே இல்லை. வரிசையில் நிற்கச் சொல்லி உத்தரவு வந்தவனைப்போல் இரண்டு குதிகாலும் சேர்ந்துவிட்டன. தட்டில் அரிசி கிலுகிலுவென்று சத்தம் போட ஆரம்பித்தது. என் கடைத் தட்டு அது. நல்ல கனம். நடுங்கினால் ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிடும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எறக்குடா கன்னியப்பா! எறக்கித் தொல!"

"இன்னும் காயல செட்டியாரே. இப்ப இழுத்தா ஈசிக்கும்."

நானே முடிச்சை இழுத்தேன். இறுகியது. தெருமுனையில் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே உன் சம்பந்தி, பக்கத்தில் பையன், பின்னால் பத்துப் பதினைந்து பேர். சம்பந்தி அண்ணாந்து பார்த்து, "பலே, பெருசாத்தான் போட்டிருக்காங்க" என்றார். என் திட்டம் பலித்துவிட்டது என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மூச்சு வந்தது.

பையன் நின்றுவிட்டார். பாடம் நடத்துகிறவர் அல்லவா, புத்தகத்தில் பார்த்திருக்கிறார். அப்பாவின் கையைத் தொட்டார்.

"நைனா, இது நம்ப குறி இல்ல. ஜெர்மன்காரன் கொடி."

"இன்னாடா சொல்ற?"

"அவன் கொடிதான். அச்சு அப்படியே."

பின்னால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் ஜெர்மன்காரனிடம் இருந்தவர். பஸ்ஸில் சாமி குறியைத் துடைக்கிறவர். அவர் வீட்டு விசேஷத்துக்கு ஜெர்மன்காரன் கொடி. என் டீக்கடைப் பேச்சு ஆறு முழத்தில் வேப்பமரத்தில் தொங்கியது. சம்பந்தி குடையை மடக்கினார். குடையை மடக்கினவர் உள்ளே வரப்போகிறாரா, திரும்பப்போகிறாரா என்று தெரியவில்லை. உன் மகள் தலைகுனிந்து நின்றாள். அவள் கை உன் முதுகுச் சட்டையைப் பிடித்திருந்தது.

"இத யாரு கட்டினது?" என்றார் சம்பந்தி.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வாழ்நாள் முழுவதும் நிற்காமல் ஓடிய நாக்கு அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நான்தான் கட்டச் சொன்னேன்" என்றாய் நீ.

என் பக்கம் பார்க்கவில்லை. "உள்ள வாங்க. அரிசி போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, இஷ்டம்னா இருங்க. இல்லன்னா பத்தரைக்கு பஸ் இருக்குது."

உள்ளே போனார்கள். நானும் போனேன், கடைசியாக. அரிசி பரப்புகிற பலகைக்கு முன் உட்கார்ந்து, என்னிடம் சொன்னதையே எல்லாரிடமும் சொன்னாய். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. அரிசி, காவல்காரன், கொடி, ரொட்டி, ஆற்காட்டுக்காரர். தின்றதையும் விடவில்லை. "அந்தக் கொடியக் காட்டிட்டுச் சொன்னாத்தான் நீங்க நம்புவீங்க" என்று சேர்த்தாய். என் முட்டாள்தனத்துக்கு அந்த நொடியில் நீ ஓர் அர்த்தம் தைத்துக் கொடுத்துவிட்டாய்.

கோயிலில் பூசை செய்கிற உபாத்தியாயர் தொண்டையைச் செருமிவிட்டு, செருமினதற்காக வருத்தப்பட்டவர்போல் தரையைப் பார்த்தார். சம்பந்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பத்தரை மணி பஸ்ஸின் ஹார்ன் அடித்தது. உன் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் சம்பந்தி. "அந்த ரொட்டில முட்ட, கொழுப்பு எதனா சேத்திருந்தானா?"

நீ அவரையே பார்த்தாய். "இல்லீங்க. கருப்பு ரொட்டி. கல்லு மாதிரி இருக்கும். மரத்தூள் கலந்திருக்கான்னு பேசிக்குவாங்க."

"மரத்தூளா?" உபாத்தியாயரைத் திரும்பிப் பார்த்தார். உபாத்தியாயர் தலையசைத்தார். "மரத்தூள் பரவால்ல" என்றார் சம்பந்தி, முழு மனதோடு.

பையன்தான் முதலில் சிரித்தார். பிறகு உன் மகள், சிரிக்கக் கூடாத இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு. நீ சிரிக்கவில்லை. அரிசியைக் கையில் எடுத்தாய். உயிர் போய்ப் பிறக்கிற நாலு கதியில், தேவர் கதிக்கு ஒரு கை, மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என்று உபாத்தியாயர் சொல்லச் சொல்லப் பரப்பினாய். கோணலாக. மூன்று கை முடிந்தது. நாலாவது நரகம். கையில் அரிசியோடு நிறுத்திவிட்டாய். விரல் திறக்கவில்லை.

சம்பந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தள்ளுங்க. இத நீங்க பாத்துட்டு வந்துட்டீங்க. பாக்காதவன் போடட்டும்" என்று உன் விரல்களைப் பிரித்து, அரிசியை வாங்கி, நாலாவது கையை அவர் பரப்பினார். அது மற்ற மூன்றைவிட நீளமாகப் போய்விட்டது. மேலே மூன்று குவியலும் பிறையும் நீயே வைத்தாய். தட்டு மாறியது.

வெளியே கன்னியப்பன் துணியைக் கீழே இறக்கிக் குவித்துவிட்டு, யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தான். என் மனைவி அதைச் சுருட்டிக்கொண்டாள். இன்று கேட்டதற்கு, "அது நம்ப சுவஸ்திக் இல்லீங்களே, சாஞ்சு இல்ல இருந்துச்சு? நல்ல கெட்டித் துணி" என்கிறாள். ஒரே துணி, உனக்கு ஒன்று, கன்னியப்பனுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, இவளுக்குப் பாவாடை.

அதற்குப் பிறகு ஒருநாள், அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போக உன் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் துணியக் கட்டினது நீதான்னு என் சம்பந்திக்கு அன்னைக்கே தெரியும்யா" என்றாய்.

"எப்படி?"

"உன் மூஞ்சி."

அடுத்து மற்றதையும் கேட்பாய் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ கியரை மாற்றினாய். மேடு வந்திருந்தது. அவலூர்பேட்டை வரை நான் கம்பியை விடவில்லை.

அந்தப் புரளி என்னுடையது, நைனாரே. ஏழு பேர் சிரித்தார்கள். இப்போது சொல்லிவிட்டேன். ஆரஞ்சுப் பழம் உரித்த அன்றைக்குச் சொல்லியிருந்தால், "அதான் தெரியுமே" என்றிருப்பாயோ, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பாயோ. அந்த இரண்டாவதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

பாவாடை என் கல்லாவுக்கு அடியில் இருக்கிறது. இவளுக்கு வேறு எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கல்லாப்பெட்டியில் சந்தனம் வைக்கும்போது மூன்று கை சரியாக வந்துவிடுகிறது. நாலாவதில் என் விரலும் நிற்கிறது. நான் பார்த்தே இராத ஓர் ஆற்காட்டுக்காரரின் முதுகு தெரிகிறது. சில வாரம் அப்படியே விட்டுவிடுகிறேன். "இன்னா செட்டியாரே, ஒரு கை குறையுது?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள். நான் எதுவும் சொல்வதில்லை. நான் எதுவும் சொல்லாமல் இருப்பதைப் பார்த்தே அவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது.

உன் பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை கண்டக்டர் சந்தனம் போட்டுவிட்டு டீக்குப் போனதும், அவன் எழுந்து துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"நீ பட்டாளத்துல இருந்தியாப்பா?"

"இல்லியே."

"பின்ன இன்னாத்துக்குத் தொடைக்கிற?"

"ரோடு மறைக்குது சார்."

ஏறி அவன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மறைக்கத்தான் செய்கிறது.